பெரிய எழுத்தில் ஒரு பெயர்

வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கிய படங்களில் எதெதற்கெல்லாம் சப்டைட்டில் எழுதியிருக்கிறீர்கள் என்று, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார். வரிசையாகச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பட்டியலால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. பரிசு மேடையில் நம்மை யாரும் கூப்பிட மாட்டார்கள். படம் ஜெயித்தால் இயக்குநருக்குக் கைதட்டல், தோற்றால் "சப்டைட்டில் சரியில்லை" என்று நமக்கு ஒரு குட்டு. இதற்குச் சம்மதித்துத்தான் நாம் இந்த வேலைக்கு வருகிறோம்.

இந்த வேலையில் கஷ்டமான வார்த்தைகள் கஷ்டமே இல்லை. அகராதி இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். சுலபமான வார்த்தைகள்தான் காலை வாரிவிடும். ஒரு படத்தில் வந்த 'அண்ணா'க்களையெல்லாம் உடன்பிறந்தவன் என்றே ஒருவர் எழுதிவைத்துவிட்டார். டீக்கடைக்காரர் அண்ணன், பஸ் கண்டக்டர் அண்ணன், கடன் கேட்க வந்தவனும் அண்ணன். படம் முடிந்ததும் ஒரு வெள்ளைக்கார விமர்சகர், "கதாநாயகனின் அம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தாராம். சிரிக்கலாம், தப்பில்லை.

நான் சொல்ல வந்தது சிரிக்கிற விஷயமில்லை. ஒரே ஒரு வார்த்தைக்காக மெட்ராஸிலிருந்து ஆம்பூருக்கு ரயிலேறிப் போன கதை. இதைச் சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவளே எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறாள். "எல்லார் பேரையும் மாத்திக்கோக்கா, ஒரு பேரைத் தவிர" என்றாள். அப்படியே மாற்றியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வாணியம்பாடிப் பக்கம் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றிய படம் எங்களிடம் வந்தது. மூத்த மகன் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்குகிறான். விஷக்காற்று அடித்து உள்ளேயே செத்துப்போகிறான். தாய் டேனரிக்கு ஓடி வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். அந்த அழுகைதான் படத்தின் முதுகெலும்பு.

இயக்குநர் மெட்ராஸ்காரர். அதிர்ந்து பேசமாட்டார். அதற்கு முன் அவர் எடுத்த படங்களைப் பார்த்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம் என்று அவரே சொல்லுவார். இந்தப் படம் ஐரோப்பாவில் ஒரு பெரிய திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தது. முதல் பரிசுக்கே வாய்ப்பு இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. இதுவும் கவனிக்கப்படாமல் போனால் இன்னொரு படம் எடுக்க அவரை யாரும் நம்பப்போவதில்லை. அவருக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும்.

தாயாக நடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு நாடக நடிகையைத்தான் முதலில் கூட்டிப்போயிருந்தார்கள். பச்சைத்தோல் நாற்றத்தில் அவருக்கு வாந்தி நிற்கவில்லை. திரும்பிப் போய்விட்டார். அப்போது கூட்டத்தில் நிற்பதற்காக வந்திருந்த பெண்களில் ஒருத்தியை இயக்குநர் முன்னால் வரச் சொன்னார். அவள்தான் வசந்தா. மாதனூருக்குப் பக்கத்துக் கிராமம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. தலையில் கொஞ்சம் நரையைப் பூசினால் வயது வந்த மகனுக்குத் தாயாகத் தெரிவாள். மாமியார் கூடவே வந்து, படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். அந்த நிபந்தனையின் பேரில்தான் வீட்டில் சம்மதித்தார்கள்.

அழுகைக் காட்சியை எடுத்தபோது டேனரிக்காரர் வேலையை நிறுத்த ஒத்துக்கொள்ளவில்லை. தோலைப் போட்டுச் சுற்றுகிற ஆள் உயர மர டிரம்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காமிரா தூரத்தில். ஒரு தூணுக்குப் பின்னால், வசந்தாவுக்குக் கிட்டத்தில், மைக்கை ஒளித்துவைத்தார்கள். எப்படியும் பின்னால் டப்பிங் செய்துகொள்ளலாம், இது சும்மா அடையாளத்துக்கு என்றுதான் ஏற்பாடு. ஆனால் அவள் அழுத அழுகையைப் பார்த்து இயக்குநருக்குக் 'கட்' சொல்ல வாய் வரவில்லை. டப்பிங்கில் இது வராது என்று அந்தச் சத்தத்தையே படத்தில் வைத்துக்கொண்டார்.

எழுதிக் கொடுத்த வசனத்தை வைத்துச் சப்டைட்டில் எழுதுவது அப்போது வழக்கம். நான் வசனத்தாளை மூடிவைத்துவிட்டுக் காதால் கேட்பேன். நடிகர்கள் தாளில் இருப்பதையா பேசுகிறார்கள்? அந்தக் காட்சிக்குத் தாளில் இருந்தது இதுதான்: "மகனே, எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன், நீ முந்திக்கிட்டியே."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். டிரம் சத்தத்துக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் வேலூரில் வளர்ந்தவள், என் சித்தி வீடு ஆம்பூர். அந்த ஊர்ப் பேச்சு என் காதுக்குப் பழக்கம். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதில் ஒரு சொல்லின் வால் மட்டும் தட்டுப்பட்டது.

"போயிட்டியாடி."

மடியில் கிடப்பது மகன். அவனிடம் 'டி' எதற்கு?

மறுபடியும் ஓட்டினேன். "பால் பல்லுகூட விழலியேடி." மடியில் கிடந்தவனுக்கு மீசை இருந்தது. அப்புறம், "ஆஸ்பத்திரிக்கு எடுத்துனு போறேன்னு கால்ல விழுந்தேனே, விட்டாங்களா?" கடைசியில் மூச்சு விடாமல் ஒரே வார்த்தை: "தங்கம், தங்கம், தங்கம்."

ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்தேன். அவள் படத்துக்காக அழவில்லை.

இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"அழும்போது டாவும் டியும் ஒண்ணா கேக்கலாம் இல்லையா?" என்றார்.

"பால் பல்லு சார்?"

கண்ணைத் திறந்து வசனத்தாளை எடுத்தார். "தாள்ல இருக்கறதையே எழுதிடுங்க. வெளிநாட்டுல யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு நாளில் படச் சுருளும் சப்டைட்டில் பட்டியலும் விமானத்தில் போயாக வேண்டும். அங்கே எழுத்தைச் சுருளிலேயே பொறித்துவிடுவார்கள். பொறித்த எழுத்தை அழிக்க முடியாது. அந்த அவசரத்தில் யாரும் சொல்லக்கூடியதைத்தான் அவர் சொன்னார்.

"சார், தங்கம்ங்கறது கொஞ்சலா, பேரா? தமிழ்ல எப்படி எழுதினாலும் ஒண்ணுதான். இங்கிலீஷ்ல கொஞ்சல்னா ஒரு மாதிரி எழுதணும். பேர்னா முதல் எழுத்தைப் பெருசா போட்டு அப்படியே விடணும். எதுன்னு தெரியாம நான் எழுத முடியாது. காலைல போயிட்டுச் சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்."

"போய்க் கேட்டா, அந்தக் காட்சியே வேணாம், எடுத்துடுங்கன்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம் சார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போயிட்டு வாங்க. ஆனா எடுத்துடறோம்னு நீங்களா வாக்குக் குடுத்துடாதீங்க. என்கிட்ட வந்து சொல்லுங்க."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போகாதே என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் என்னால் போயிருக்க முடியாது.

வீட்டில் மாமியார் இருப்பார் என்பதால் கம்பெனிக்கே போனேன். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் பெண்கள் டிபன் டப்பாவோடு கேட்டுக்கு வெளியே புளிய மரத்தடிக்கு வந்தார்கள். சினிமாக்காரங்க வந்திருக்காங்க என்றதும் வசந்தா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இன்னாக்கா, மறுபடியும் நடிக்கணுமா? நரைய மட்டும் பூசாதீங்க. சீயக்காய் போட்டும் போகாம பேஜாராப் போச்சு."

மற்றவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனேன். சுற்றி வளைத்துப் பேச நேரமில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தால் மறுபடியும் சங்கு ஊதிவிடும்.

"அன்னிக்கு அழுதப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்டுடுச்சு வசந்தா."

டப்பா மூடியைத் திறந்த கை அப்படியே நின்றது. "இன்னா கேட்டுச்சு?"

"பால் பல்லு."

அவள் டப்பாவை மூடினாள். என்னைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்த டிரம் ஓடறப்ப பக்கத்துல நின்னு கத்தனாலே கேக்காதுக்கா. அதனாலதான் சொன்னேன். வாய் விட்டுச் சொல்றதுக்கு அப்படி ஒரு எடம் எனக்கு வேற எங்க கெடைக்கும்? மைக்கு கேக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"தங்கம்ங்கறது..."

"பேருதான். என் மொத பொண்ணு."

குழந்தைக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று இவள் நின்றிருக்கிறாள். பொட்டப் பிள்ளைக்கு வந்த காய்ச்சல் தானா இறங்கும், நெல் அறுப்பு முடியட்டும் என்று மாமியார் தடுத்திருக்கிறார். புருஷன் வாயே திறக்கவில்லை. அறுப்பு முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. அப்புறம் ஒரு பையன் பிறந்தான். செத்த பிள்ளையின் பேரைச் சொன்னால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றாகிவிட்டது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அந்தப் பயம் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"படம் நம்ம ஊருக்கு வருமாக்கா?"

"வரும்."

"அப்போ எங்க அத்த கேக்கும். அவரு கேப்பாரு. மத்தவங்களுக்குப் புரியாது, அவங்களுக்குப் புரியும். ஊரக் கூட்டி எங்கள அசிங்கம் பண்ணிட்டாம்பாங்க. என்னை வெளிய அனுப்பிட்டுப் பையன வெச்சுக்குவாங்க."

"அந்த இடத்தையே வேணாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். கேட்கும்போது இயக்குநரின் முகம் என் கண் முன்னால் வந்தது. ஆனாலும் கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டாள்.

"வெளிநாட்டுல போடறதுல கீழ எழுத்து வரும்னாங்களே. அதுல அவ பேர எழுதுவீங்களா?"

"எழுதலாம்."

"நம்ம ஊர்ல போடற படத்துல அந்த எழுத்து இருக்காது?"

"இருக்காது."

"அப்போ எழுதுக்கா. நான் சொன்னதெல்லாம் எழுது. என் கொரல் மட்டும் இங்க கேக்கக்கூடாது." அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. "அவ பேர எங்கயும் எழுதலக்கா. இஸ்கூல்ல சேக்கற வயசுகூட வரல."

சங்கு ஊதியது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "முடியாதுன்னா முன்கூட்டியே சொல்லிடு. பையனக் கூட்டிக்கினு எங்கம்மா வீட்டுக்காவது போய்டறேன்." சாப்பிடாத டப்பாவோடு உள்ளே போனாள்.

சப்டைட்டிலில் என்ன எழுதலாம் என்று கேட்கப் போனவள் நான். என் வேலையில் அவளுக்கு ஒரு பயமும் இல்லை. எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒலிதான் அவள் கழுத்துக்குக் கத்தியாக இருந்தது. கேட்காமல் நானே யோசித்து நல்லது செய்திருந்தால், எழுத்தை அழித்துவிட்டுக் குரலை விட்டிருப்பேன். அவளுக்கு வேண்டியது எதுவோ அதைப் பறித்து, வேண்டாததைக் கொடுத்திருப்பேன்.

மெட்ராஸ் திரும்பி அத்தனையும் இயக்குநரிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாகச் சத்தம் போட்டார்.

"அந்தக் கொரல்தாங்க படத்தோட உயிரே! அதை எடுத்துட்டு நான் எதை அனுப்பறது?"

வெளிநாட்டுக்கு ஒரு ஒலி, உள்ளூருக்கு ஒரு ஒலி என்று இரண்டு செய்ய முடியுமா என்று பேசினோம். அதற்கு வசதியும் இல்லை, நேரமும் இல்லை. ஒலிப்பதிவாளர் மெதுவாகச் சொன்னார்: "டிரம் சத்தத்தை ஏத்தலாம் சார். அந்த ரீலை மட்டும் ராத்திரிக்குள்ள மறுபடி கலந்துடலாம். அழுகை தெரியும். வார்த்தை முங்கிடும். ஆனா கேக்கறவங்க நமக்கு வேலை தெரியலம்பாங்க."

இயக்குநர் வராந்தாவுக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக எங்களுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பரிசு, அடுத்த படம், அத்தனை வருஷப் பாடு எல்லாம் அவருக்கு அந்தக் குரலில்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் அவர் சரியாக அறியாத ஒரு பெண்ணின் குடித்தனம். அவளிடம் கையெழுத்து வாங்கியாயிற்று, குரல் நமக்குச் சொந்தம் என்று அவர் சொல்லியிருந்தால் சட்டப்படி யாரும் மறுத்துப் பேச முடியாது.

உள்ளே வந்தார். ஒலிப்பதிவாளரைப் பார்த்து, "ஏத்துங்க" என்றார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"படத்துல தங்கம்னு ஒரு ஆளே கிடையாது. யார் அதுன்னு கேப்பானே?"

"கேப்பாங்க சார்."

"கேக்கட்டும். முதல் எழுத்தைப் பெருசா போடுங்க."

இருவரும் உட்கார்ந்து எழுதினோம். பால் பல் வந்தது. காலில் விழுந்தது வந்தது. 'டி'க்கு மட்டும் ஆங்கிலத்தில் இடமில்லை. கடைசி வரி முழுக்க அந்தப் பெயர் மட்டும்.

முதல் பரிசு வரவில்லை. நடுவர்கள் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரிகையில் அது ஒரு மூலையில் வந்தது. அவர் திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். நடுவர்களில் ஒருவர் காபி குடிக்கும்போது அவரிடம் தனியாகச் சொன்னாராம்: உங்கள் படத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறது, முக்கியமான காட்சியில் ஒலிக் கலவை கத்துக்குட்டித்தனமாக இருக்கிறது, தாயின் குரலே கேட்கவில்லை, எங்களுக்குள் வாக்குவாதமே அதில்தான் என்று.

"நீங்க என்ன சார் சொன்னீங்க?"

"காபி நல்லா இருக்குன்னேன்."

அப்புறம் சொன்னார். "எனக்கு முன் வரிசையில ஒரு கிழவி உக்காந்திருந்தா. கடைசி எழுத்து வந்ததும் அவ உதடு அசைஞ்சுது. 'டாங்கம், டாங்கம்'னு மெதுவா சொல்லிப் பாத்துக்கிட்டா. த வரல அவளுக்கு."

ஆம்பூர் போய் வசந்தாவிடம் இதைச் சொன்னேன். பரிசு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவேயில்லை. அந்தக் கிழவியின் உதடு எப்படி அசைந்தது என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வருகிற சிரிப்பு.

அந்த இயக்குநருக்கு அடுத்த படம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. பரிசு கிடைத்திருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக இருக்கும், உங்களுக்கு உபயோகமாக இருக்காது. சரியான காரியம் செய்தவனுக்கு நஷ்டம் வராது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கு வந்தது. என்றைக்காவது வருத்தப்பட்டீர்களா என்று நான் அவரைக் கேட்டதில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

எல்லா வரிக்கும் ரயிலேறிக்கொண்டிருக்க முடியாது என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. முடியாதுதான். அதற்கப்புறம் எத்தனையோ படம் எழுதினேன், ஒன்றுக்கும் ஊர் விட்டு ஊர் போகவில்லை. எந்த வரிக்குப் போக வேண்டும் என்று தெரிகிறதே, அதுதான் நம் தொழில். மற்றதெல்லாம் தட்டச்சு.

படம் ஆம்பூர்த் தியேட்டரில் போட்டபோது நானும் போயிருந்தேன். வெளிநாட்டில் பாராட்டு வாங்கிய படம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லியிருந்தார்கள். ஷூ கம்பெனிப் பெண்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். பெண்கள் பகுதியில் வசந்தா, அவளுக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் நான். மடியில் பையன் தூங்கிவிட்டான். அந்தக் காட்சி வந்தது. டிரம் சத்தம் கொட்டகையை நிறைத்தது. திரையில் அவள் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மாமியாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகள் பக்கம் சாய்ந்தார்.

"நல்லாத்தான் அழுதிருக்க. இன்னா சொல்லி அழுத? ஒண்ணும் கேக்கலியே."

வசந்தா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மிஷின் சத்தம் ஜாஸ்தி அத்தே" என்றாள்.